கர்ப்பிணித் தாயும் இரத்தப் பரிசோதனையும்



பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி முதன்முறை கிளினிக்குக்குப் போனதும் அவளிடம் இரத்தம் எடுக்கிறார்கள். இரத்தச் சோகை பார்க்கத்தான் என்று பலரும் நினைக்கிறோம். அது மட்டுமல்ல. சிபிலிஸ் என்னும் மேகநோயும் எச்.ஐ.வி. கிருமியும் உண்டா என்றும் பார்க்கிறார்கள். "ஒழுங்காகக் குடும்பம் நடத்தும் எனக்கு எதற்கு இது?" என்று மனம் நோகவேண்டாம். இது யார்மேலும் சந்தேகப்பட்டுச் செய்வதல்ல. நாட்டிலுள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வது.

சிபிலிஸ் ஏமாற்றும் நோய். முதலில் வலியில்லாத ஒரு புண் தோன்றும், மருந்தில்லாமலே ஆறிவிடும். பெண்களுக்கு அது கண்ணில் படாமலும் போகலாம். ஆனால் கிருமி ஆண்டுக்கணக்காக உடலுக்குள் ஒளிந்திருக்கும். தாய் சுகமாகவே இருப்பாள். கிருமியோ வயிற்றுப் பிள்ளையைப் பிடிக்கும். சிகிச்சை செய்யாவிட்டால் கரு கலையலாம், பிள்ளை இறந்து பிறக்கலாம், உயிரோடு பிறந்தாலும் கண், காது, எலும்பு பாதிக்கப்படலாம். "கண்ணேறு பட்டது" என்று நாம் அழுத சில இழப்புகளுக்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

இதற்கு மருந்து பென்சிலின் ஊசி. பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்னரே அதைப் போட்டாகவேண்டும். எனவேதான் மூன்று மாதம் முடியுமுன் கிளினிக்குக்குப் போகச் சொல்கிறோம். எச்.ஐ.வி.யை முற்றாக நீக்க மருந்தில்லை. ஆயினும் தாய் ஒழுங்காக மாத்திரை எடுத்தால் பிள்ளையைக் காப்பாற்றலாம்.

முதல் பரிசோதனையில் 'உண்டு' என்று வந்தாலும் பதறவேண்டாம். வேறு காரணங்களாலும், சிலவேளை கர்ப்பத்தாலும்கூட, வீ.டீ.ஆர்.எல். சோதனை அப்படிக் காட்டுவதுண்டு. இன்னொரு பரிசோதனை செய்தே உறுதிப்படுத்துவார்கள்.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. மனைவிக்கு நோய் என்றதும் கையை ஓங்காதீர்கள். அது எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று இரத்தம் சொல்லாது. உங்களிடமிருந்தே வந்திருக்கவும் கூடும். நீங்களும் பரிசோதனை செய்து, தேவையானால் மருந்தெடுங்கள். இல்லாவிட்டால் குணமடைந்தவளுக்கு மறுபடியும் தொற்றும். பதுளையிலுள்ள பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் சிகிச்சை இலவசம்; இரகசியமும் காக்கப்படும்.

தாயிடமிருந்து பிள்ளைக்குச் சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் பரவுவதை ஒழித்த நாடு என 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை ஏற்றுக்கொண்டது. இந்தப் பெருமையில் கொழுந்துக் கூடையோடு கிளினிக் வாசலில் காத்திருந்த நம் தாய்மாருக்கும் பங்குண்டு. ஆனால் ஒழித்தது என்றால் நோயே இல்லை என்பதல்ல. ஒவ்வொரு தாயும் பரிசோதனைக்குப் போகும்வரையில்தான் அந்தப் பெருமை நிலைக்கும்.

ஆகவே, நாள் தள்ளிப்போனதும் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். பேர் போடும் இழப்பைப் பார்த்துக் கிளினிக் நாளைத் தள்ளிவிடாதீர்கள். "என் இரத்தப் பரிசோதனை முடிவு என்ன?" என்று கூச்சமின்றிக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி உங்கள் பிள்ளையின் உயிரைக் காக்கும்.