சக்கல்தாயா: பனியை இழந்த மலை

பனியில் சறுக்கி விளையாட எந்தப் பருவத்தில் போவார்கள் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "குளிர்காலத்தில்தான், இதில் என்ன சந்தேகம்?" என்பீர்கள். ஆனால் ஓர் ஊரார் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோடையில்தான் பனிச்சறுக்குக்குப் போய்வந்தார்கள். அவர்கள் தென் அமெரிக்காவிலுள்ள பொலிவியா நாட்டின் லா பாஸ் நகரத்தார். அவர்கள் விளையாடிய பனிச்சரிவு இன்று இல்லை. அது ஏன் அங்கே இருந்தது, ஏன் மறைந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மலையும் மன்றமும்

லா பாஸிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், ஆண்டீஸ் மலைத்தொடரில், சக்கல்தாயா என்னும் சிகரம் நிற்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 5,400 மீட்டர். நம் தொட்டபெட்டாவின் மேல் இன்னொரு தொட்டபெட்டாவைத் தூக்கி வைத்தாலும் அந்த உயரம் வராது! இந்தச் சிகரத்தின் ஒரு பக்கச் சரிவில் சிறியதொரு பனியாறு படிந்திருந்தது. அதன் வயது சுமார் 18,000 ஆண்டுகள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

1930களில் மலையின் மேல்வரை மோட்டார் வண்டி போகக் குறுகலான பாதை ஒன்று போடப்பட்டது. 1939இல் லா பாஸில் மலையேறுவோரும் சறுக்குவோரும் சேர்ந்து ஒரு மன்றம் தொடங்கினார்கள். அதே ஆண்டில் சரிவின் ஓரமாக ஓர் இழுவை வடத்தையும் அமைத்தார்கள். பழைய மோட்டார் காரின் எஞ்சினைப் போன்ற ஓர் எஞ்சின் அந்த வடத்தை நில்லாமல் ஓட்டும். அதைப் பற்றிக்கொண்டால் அது ஆளை மேலே இழுத்துச் செல்லும். பிறகு பலகையில் சறுக்கிக் கீழே வரலாம். தென் அமெரிக்காவிலேயே முதல் இழுவை வடம் இதுதான். அது இயங்கிய காலத்தில், வட வசதியுள்ள சறுக்கு இடங்களில் உலகிலேயே மிக உயரமானதாகவும் இது இருந்தது.

சனி, ஞாயிறுகளில் மன்றத்தார் மேலே வருவார்கள். அங்கே மூச்சு வாங்கும். ஏனென்றால் அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். ஒருமுறை மூச்சை இழுத்தால் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதியே. மனிதனுக்கு மட்டுமா? எரிபொருளை எரிக்க எஞ்சினுக்கும் ஆக்சிஜன் வேண்டுமல்லவா? அதன் வலுவும் குறைந்துவிடும். அங்கே தண்ணீர் 100 டிகிரி வரை சூடாவதில்லை. சுமார் 82 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும்.

அதே மலையில் விளையாட்டோடு விஞ்ஞானமும் வளர்ந்தது. 1942இல் அங்கே ஒரு வானிலை நிலையம் ஏற்பட்டது. 1947இல் பிரேசில் நாட்டு இளம் விஞ்ஞானி சேசார் லாட்டஸ் சில புகைப்படத் தகடுகளை அங்கே கொண்டுபோய் வைத்தார். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் அத்தகடுகளில் விட்டுச்சென்ற தடங்கள், 'பையான்' என்னும் அணுத்துகளைக் கண்டறியத் துணை புரிந்தன. அந்த ஆய்வுக் குழுவின் தலைவர் பவல் 1950இல் நோபல் பரிசு பெற்றார்.

பலகை ஏன் வழுக்குகிறது?

மெத்தென்ற புதுப்பனியில் செருப்புக் காலோடு நடந்தால் கால் புதையும். பலகை கட்டிக்கொண்டால் புதைவதில்லை. ஏன் என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒருவரின் எடை 60 கிலோகிராம் என்க. அவருடைய இரு செருப்புகளின் பரப்பு மொத்தம் 400 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 150 கிராம் எடையைத் தாங்க வேண்டும். இப்போது 180 சென்டிமீட்டர் நீளமும் 8 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இரண்டு பலகைகளைக் கட்டிக்கொள்கிறார். பரப்பு 2,880 சதுர சென்டிமீட்டராகிறது. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 21 கிராம்தான் விழும். அழுத்தம் ஏழில் ஒரு பங்காகிவிட்டது!

புதையாதது சரி, வழுக்குவது ஏன்? பலகையின் அழுத்தத்தால் பனி உருகுகிறது என்று சில பழைய நூல்களில் படித்திருப்பீர்கள். அது போதுமான விளக்கம் அன்று. ஒரு வளிமண்டல அழுத்தம் முழுவதையும் கூடுதலாகக் கொடுத்தாலும் பனிக்கட்டியின் உருகுநிலை 0.01 டிகிரிகூடக் குறைவதில்லை. பலகையின் அழுத்தமோ அதைவிட மிகக் குறைவு என்று இப்போதுதான் கணக்கிட்டோம். உண்மையான காரணம் பெரும்பாலும் உராய்வு. பலகை ஓடும்போது உண்டாகும் உராய்வு வெப்பம் பனியின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது. பௌடன், ஹியூஸ் என்ற இரு விஞ்ஞானிகள் இதைச் சோதனைகளால் காட்டினார்கள். அவர்கள் அந்த முடிவை வெளியிட்டதும் 1939ஆம் ஆண்டில்தான்!

கோடையில் ஏன் பனி?

சக்கல்தாயா பூமத்திய ரேகைக்குத் தெற்கே 16 டிகிரியில் உள்ளது. அதாவது வெப்பமண்டலத்தில்! ஆனால் 1,000 மீட்டர் ஏறும்போதெல்லாம் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறைகிறது. 5,000 மீட்டர் ஏறினால் சுமார் 30 டிகிரி குறைந்துவிடும். ஆகவே வெப்பமண்டலமாயினும் அந்த உச்சியில் வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே நிற்கிறது. 'ஒட்டியே' என்ற சொல்லை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பனி விழக் குளிர் மட்டும் போதாது; ஈரமும் வேண்டும். தென் அரைக்கோளத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை கோடை. பொலிவிய மலைகளில் மழைக்காலமும் அதுவே. கீழே மழையாகப் பெய்யும் நீர் உச்சியில் பனியாக விழும். மே முதல் ஆகஸ்டு வரையான குளிர்காலத்தில் வானம் வெறிச்சென்று கிடக்கும், ஈரமில்லை, பனியுமில்லை. லா பாஸ் மக்கள் கோடையில் பலகையைத் தூக்கிக்கொண்டு போனதன் இரகசியம் இதுதான்.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளில் குளிர்காலம் பனியைச் சேர்க்கும், கோடை உருக்கும். இரண்டும் தனித்தனிப் பருவங்கள். சக்கல்தாயாவிலோ சேர்வதும் உருகுவதும் பெரும்பாலும் ஒரே பருவத்தில் நடந்தன. அந்தச் சில மாதங்களில் பனி சரியாக விழாவிட்டால் அந்த ஆண்டுக் கணக்கே கெட்டுவிடும்.

பனியாறு ஒரு வரவு செலவுக் கணக்கு

பனியாறு என்பது என்றைக்கோ உறைந்து அப்படியே கிடக்கும் கட்டி அன்று. ஆண்டுதோறும் விழும் பனி அதன் வரவு. உருகுவதும் ஆவியாவதும் அதன் செலவு. மேல்பகுதியில் குளிர் அதிகம்; அங்கே வரவு மிஞ்சும். கீழ்ப்பகுதியில் செலவு மிஞ்சும். இரண்டுக்கும் நடுவே வரவும் செலவும் சரியாக இருக்கும் ஓர் எல்லை உண்டு. அதைச் சமன்கோடு என்போம். வெப்பமான ஆண்டில் இக்கோடு மேலே ஏறும். குளிர்ந்த ஆண்டில் கீழே இறங்கும்.

1990களின் தொடக்கத்திலிருந்து விஞ்ஞானிகள் சக்கல்தாயாவின் கணக்கை அளந்து வந்தனர். பனிக்கட்டியில் துளையிட்டுக் குச்சிகளை நட்டு, ஆண்டுதோறும் எவ்வளவு குச்சி வெளியே தெரிகிறது என்று பார்ப்பது அவர்கள் கையாண்ட முறைகளுள் ஒன்று. எளிய முறைதான், ஆனால் அது சொன்ன செய்தி கவலை தருவதாக இருந்தது. பனியாற்றின் பரப்பு எப்படிக் குறைந்தது, பாருங்கள்:

1940 – சுமார் 22 ஹெக்டேர் (54 ஏக்கர்)
1998 – சுமார் 6 ஹெக்டேர் (15 ஏக்கர்)
2007 – சுமார் 1 ஹெக்டேர் (2½ ஏக்கர்)
2009 – இல்லை

கன அளவில் பாதி 1980க்கு முன்பே கரைந்துவிட்டது. 1990களில் உருகும் வேகம் அதற்கு முன்பிருந்ததைப் போல் 3 முதல் 5 மடங்காயிற்று. 2015 வாக்கில் பனியாறு மறைந்துவிடும் என்று 1998இல் கணித்தார்கள். அது ஆறு ஆண்டுகள் முன்னதாகவே போய்விட்டது.

உச்சிக்கு மேலே போன கோடு

இதற்குக் காரணம் என்ன? வெப்பமண்டல ஆண்டீஸ் பகுதியில் 1939க்குப் பிந்தைய சுமார் 70 ஆண்டுகளில் வெப்பநிலை ஏறத்தாழ 0.7 டிகிரி உயர்ந்தது. "அரை டிகிரிக்குச் சற்று மேல், இது ஒரு பெரிய காரியமா?" என்று நீங்கள் கேட்கலாம். சக்கல்தாயா உறைநிலையை ஒட்டியே நின்றது என்றோமல்லவா? அங்கே அரை டிகிரி கூடினாலும் பனியாக விழ வேண்டியது சில நாள் மழையாக விழும். சமன்கோடும் மேலே ஏறும். சக்கல்தாயாவின் பனியாறு முழுவதும் உச்சியை அடுத்த சில நூறு மீட்டருக்குள் அடங்கியது. சமன்கோடு மலையுச்சியையும் தாண்டிப் போனபோது, பனியாற்றுக்கு வரவு மிஞ்சும் இடம் என்று ஒன்று இல்லாமலே போயிற்று. வருமானம் நின்றபின் சேமிப்பை எடுத்துத் தின்னும் குடும்பம் எத்தனை நாள் தாங்கும்?

பழைய காலத்தில் தொடங்கிய உருகலில் இயற்கைக்கும் பங்கு உண்டு. பின்னர் வந்த வேகத்துக்கு, கரியமில வாயு முதலியவை காற்றில் பெருகிப் பூமி சூடாவதே முக்கிய காரணம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எல் நினோ எனப்படும் பசிபிக் கடலின் வெப்பமாறுதல் நேரும் ஆண்டுகளில் அங்கே பனியும் குறைவாகவே விழும்.

வெண்மை போனால் வேகம் கூடும்

புதுப்பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். தூசு படிந்த பழைய பனிக்கட்டி அதில் பாதியைக்கூடத் திருப்பாது. கரும்பாறையோ பெரும்பகுதி ஒளியை உள்வாங்கிச் சூடேறும். பனியாறு மெலியும்போது நடுவில் பாறைகள் தலைகாட்டும். அவை சூடாகிச் சுற்றியுள்ள பனியை உருக்கும்; அதனால் இன்னும் பாறை தெரியும்; அது மேலும் உருக்கும். கடைசி ஏக்கர்கள் விரைந்து மறைந்ததன் காரணம் புரிகிறதா?

மிஞ்சியது என்ன?

மன்றத்தின் பழைய விடுதி இன்றும் மலைமேல் நிற்கிறது. அதன் எதிரே வெறும் கற்சரிவு. பனி நன்றாக விழும் சில நாட்களில் உச்சியருகே சிறிது தூரம் சறுக்கலாம், அவ்வளவுதான். ஆய்வுக்கூடம் மட்டும் தன் வேலையை விடவில்லை. இப்போது அங்கே காற்றிலுள்ள வாயுக்களையும் கரிப்புகையையும் அளக்கிறார்கள்.

ஒரு விளையாட்டிடம் போனால் போகட்டும் என்று இருந்துவிட முடியாது. லா பாஸும் அதை அடுத்த எல் ஆல்ட்டோவும் குடிக்கும் நீரில், வறண்ட மாதங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு பனியாறுகளிலிருந்து வருவதாக ஆய்வு ஒன்று கணக்கிட்டது. 2016 நவம்பரில் கடும் வறட்சி வந்தபோது லா பாஸில் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. சக்கல்தாயாவின் பக்கத்து மலையான வாய்னா பொட்டோசி 6,000 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. சமன்கோடு இன்னும் அதன் உச்சியைத் தாண்டவில்லை. அங்கே பனியாறுகள் உள்ளன. ஆனால் அவையும் ஆண்டுக்காண்டு சுருங்கி வருகின்றன. சிறிய பனியாறு முந்திக்கொண்டது. பெரியவை பின்னால் வருகின்றன. அந்தக் கோடு எந்த உயரத்தில் நிற்கப்போகிறது என்பது இனி மனிதர்கள் எரிக்கும் நிலக்கரியையும் எண்ணெயையும் பொறுத்தது.

செய்து பாருங்கள்

1. ஒரே அளவுள்ள இரண்டு பனிக்கட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வெள்ளைத் துணி விரித்த தட்டிலும் மற்றதைக் கறுப்புத் துணி விரித்த தட்டிலும் வைத்து வெயிலில் விடுங்கள். எது முதலில் கரைகிறது? நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே கட்டியாகவும், அதே அளவு தண்ணீரைப் பல சிறு கட்டிகளாகவும் உறைய வையுங்கள். இரண்டையும் நிழலில் தனித்தனித் தட்டுகளில் பரப்பி வையுங்கள். எது முந்துகிறது? சிறிய பனியாறு ஏன் முதலில் மறைந்தது என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. உங்கள் எடையையும் செருப்பின் பரப்பையும் அளந்து, தரையில் நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தைக் கணக்கிடுக.
2. 1940 முதல் 1998 வரையும், 1998 முதல் 2007 வரையும் சக்கல்தாயா ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை ஹெக்டேர் இழந்தது? எந்தக் காலத்தில் வேகம் அதிகம்?
3. சக்கல்தாயா இன்னும் 700 மீட்டர் உயரமாக இருந்திருந்தால் அதன் பனியாறு என்ன ஆகியிருக்கும்?