காப்பிக்குச் சில வார விடுமுறை

காலைக் காப்பி போதாமல் பதினோரு மணிக்கு ஒன்றும், மாலையில் இன்னொன்றும் தேவைப்பட்டு, அப்படியும் உற்சாகம் பிறக்காமல், குடிக்காவிட்டால் தலைவலி என்கிற பந்தம் மாத்திரமே மிஞ்சி நிற்பவர்கள், டிகாஷனை மேலும் கெட்டியாக்குவதை விட்டு, அதற்குச் சில வாரம் விடுமுறை கொடுப்பதே உசிதம். களைப்பை உணர்த்தும் அடினோசின் மூளையில் சென்று அமரவேண்டிய ஸ்தானங்களைக் காபீன் அடைத்துக்கொள்வதால்தான் சுறுசுறுப்பு உண்டாகிறது. நித்தியம் இப்படி நேர்ந்தால், மூளை அந்த ஸ்தானங்களையே பெருக்கிக்கொண்டு ஈடுகட்டிவிடுகிறது.

அடியோடு ஒரே நாளில் நிறுத்துவது வீரமாகலாம், விவேகம் அன்று. உட்கொண்ட காபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகுமாதலால், நித்திரையைக் கெடுக்கும் மாலைக் காப்பியை முதலில் விடுக. அடுத்தபடியாக, பொடி அரைக்கும் கடையில் சிக்கரியை 20 சதவிகிதம் என்றும், நாலைந்து தினங்கள் சென்று 40 என்றும் கூட்டிக் கேளுங்கள். சிக்கரி வெறும் வேர். அதில் காபீன் கிடையாது. ஆனால் கசப்பும் நிறமும் தாராளமாகத் தருவதால், பில்டரில் வழக்கமான அளவே பொடி போட்டும், டபராவில் ஆற்றும்போது நுரையும் நிறமும் குறையாமலே காபீன் குறைந்துகொண்டு வரும். சுத்தக் காப்பிப் பக்தர்கள் இதை அபசாரம் என்பார்கள். என் அபிப்பிராயத்தில், நாக்கை ஏமாற்றாமல் இந்த விரதம் நிறைவேறுவது துர்லபம். அதன்பின் டிகாஷனைப் பாதியாக்கிப் பாலைக் கூட்டுக.

முற்றிலும் நிறுத்தும் நாளுக்கு வாரக் கடைசியைத் தேர்ந்துகொள்ளுங்கள். சுருங்கியிருந்த ரத்தக்குழாய்கள் விரிவதால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கி, பெரும்பாலும் இரண்டாம் நாள் உச்சமடையும். சோர்வும் எரிச்சலும் ஒரு வாரத்துக்குச் சற்று மேலும் நீடிக்கக்கூடும். தலைவலி மாத்திரைகள் சிலவற்றில் காபீனே கலந்திருக்குமாகையால், அட்டையைப் படித்துவிட்டு விழுங்குக. தேநீரும் கோலா பானங்களும் கொல்லைப்புற வழிகள். காப்பி வேளை தவறாமல், தட்டிய சுக்கையும் வறுத்த மல்லியையும் கருப்பட்டியோடு கொதிக்கவைத்து, அதே டம்ளரில் சுடச்சுட அருந்துவது கைக்கும் மனத்துக்கும் பெரிய சமாதானம்.

அவஸ்தைகள் தீர்ந்தபின் மேலும் ஒரு வாரமாவது பொறுத்து, ஒருநாள் காலை அரை டம்ளரோடு தொடங்குக. வேலை மிகுந்த தினங்களுக்கென்று அதை ஒதுக்கிவைத்து, நடுவே ஓரிரு நாள் இடைவெளி விடுவது நலம்; இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் அந்த அரை டம்ளருக்கும் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளட்டும்.