மருந்தடிக்க வரும் டிரோன்: காகிதம் பார்த்து வயலில் இறக்குங்கள்

ஒரு ஏக்கர் நெற்பயிருக்குக் கைத்தெளிப்பானால் பூச்சிமருந்து அடிக்கச் சுமார் 200 லிட்டர் தண்ணீர் தேவை. முதுகில் சுமை, காலடியில் சேறு, மூக்கில் மருந்து நெடி என்று ஓர் ஆள் மணிக்கணக்கில் பாடுபட வேண்டும். 2017-ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தபோது விஷம் ஏறி 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டனர். டிரோன் என்னும் ஆளில்லாக் குட்டி விமானம் அதே ஒரு ஏக்கரைச் சுமார் 10 லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறது. அடிப்பவர் வரப்பில் நின்றால் போதும். ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் இது பெரிய உதவி என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் டிராக்டரையோ கதிரறுக்கும் இயந்திரத்தையோ வாடகைக்குக் கூப்பிடுவதுபோல இதைக் கூப்பிட முடியாது. சட்டத்தின் பார்வையில் டிரோன் ஒரு விமானம். அதை ஓட்ட உரிமம் வேண்டும்; பதிவு எண் வேண்டும்; பறக்கும் இடத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. மருந்தடிக்கும் ஒரு கருவிக்கு இவ்வளவு கெடுபிடியா என்று விவசாயிகள் கேட்பது நியாயமே. காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

வயலுக்கென்றே ஆளில்லா விமானம் செய்த முன்னோடி ஜப்பான். நெல்லுக்கு மருந்து தெளிக்க யமஹா நிறுவனம் 1987-இல் ஆர்-50 என்ற ஆளில்லா ஹெலிகாப்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்து லிட்டர் மருந்தைத் தூக்கும் இயந்திரம் பத்து கிலோ வெடிகுண்டையும் தூக்கும். 2022-இல் தொடங்கிய உக்ரைன் போரில் அதுவே நடந்தது. வயலில் தெளிப்பதற்கான பெரிய டிரோன்களை மாற்றியமைத்து, இரவில் எதிரியின் பதுங்குகுழிகள்மேல் குண்டு போடப் பயன்படுத்தினர். ரஷ்யச் சிப்பாய்கள் அவற்றுக்குத் தங்கள் நாட்டுக் கதைகளில் வரும் சூனியக்கிழவி ‘பாபா யாகா’வின் பெயரை வைத்தார்கள். நம் நாட்டிலும் 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தின்மேல் இரண்டு டிரோன்கள் வெடிபொருளைப் போட்டன. ஆகவே வானத்தில் பறப்பது மருந்துக்கு வந்ததா, வேறு வேலைக்கு வந்ததா என்று அதிகாரிகளுக்குத் தெரிய ஒரே வழி, பதிவும் உரிமமும்தான்.

2014 அக்டோபரில் மத்திய அரசு பொதுமக்கள் டிரோன் பறக்கவிடுவதையே நிறுத்திவைத்திருந்தது. 2018 டிசம்பரில்தான் முறைப்படி வழி திறந்தது. ஜம்மு சம்பவம் நடந்து இரண்டு மாதம் ஆவதற்குள், 2021 ஆகஸ்ட் 25-இல், இப்போதைய டிரோன் விதிகள் வந்தன. பயந்து கதவை அடைக்காமல் இன்னும் அகலமாகத் திறந்தார்கள். 25 படிவங்கள் ஐந்தாகக் குறைந்தன. ராணுவ டிரோன்களை இந்த விதிகள் கட்டுப்படுத்தா. மற்றபடி கல்யாணத்தில் படமெடுப்பது, நிலம் அளப்பது, வெள்ளத்தில் ஆளைத் தேடுவது, வயலில் மருந்தடிப்பது எல்லாம் இவற்றுக்குள் அடங்கும்.

எடையை வைத்து டிரோன்களை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். 250 கிராம் வரை உள்ளது மிகச் சிறியது. 150 கிலோவுக்கு மேற்பட்டது பெரியது. நம் வயலுக்கு வரும் 10 லிட்டர் தெளிப்பு டிரோன் பொதுவாக 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை உள்ள ‘சிறிய’ வகையில் சேரும். பேர்தான் சிறியது. சுழலும் இறக்கை விரலை வெட்டிவிடும். தலையில் விழுந்தால் உயிர் போகும்.

இந்த வகையை ஓட்டுபவருக்கு ஓட்டுநர் சான்று கட்டாயம். வயது 18 முதல் 65-க்குள் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் பயின்று தேர்ச்சி பெற வேண்டும். சான்று பத்தாண்டு செல்லும். இயந்திரத்துக்கு இன்ன மாதிரி தகுதியானது என்ற வகைச் சான்றும், தனி அடையாள எண்ணும், பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடும் வேண்டும். விதி மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வாடகை பேசுமுன் சான்றையும் எண்ணையும் காப்பீட்டையும் காட்டச் சொல்லுங்கள். “அதெல்லாம் ஆபீசில் இருக்கிறது” என்பவரிடம், எடுத்துவந்த பிறகு அடிக்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது இடம். நாட்டின் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடத்தில் பிரித்திருக்கிறார்கள். பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை பறக்கத் தனி அனுமதி வேண்டியதில்லை. மஞ்சளில் விமானக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதியின்றி அசையக்கூடாது. மஞ்சள் பகுதி விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 12 கிலோமீட்டர் வரை நீளும். திருச்சி, மதுரை, சேலம் விமான நிலையங்களைச் சுற்றியும், தஞ்சாவூர், சூலூர் விமானப்படைத் தளங்களைச் சுற்றியும் எத்தனையோ ஏக்கர் சாகுபடி நடக்கிறது. டிரோன் ஆளடி உயரம்தானே பறக்கிறது என்று அங்குள்ளவர்கள் வரைபடம் பார்க்காமல் இறங்கிவிடக்கூடாது.

இனி, சட்டத்தைவிட நமக்கு நெருக்கமான விஷயம். ஏக்கருக்கு 200 மில்லி அடிக்க வேண்டிய மருந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். கைத்தெளிப்பானில் 200 லிட்டர் தண்ணீருக்கு அது லிட்டருக்கு ஒரு மில்லிதான். டிரோனில் 10 லிட்டர் தண்ணீரில் கலக்கும்போது லிட்டருக்கு 20 மில்லி ஆகிறது. ஏக்கர் அளவு மாறவில்லை. கரைசலின் காரம் இருபது மடங்காகிவிட்டது. துளிகளோ பொடிப்பொடியானவை, காற்று இருந்தால் வரப்பு தாண்டும். நெல்லில் களைக்கு அடிக்கும் 2,4-டி பக்கத்துப் பருத்திமேல் லேசாகப் பட்டாலே இலை சுருண்டு, செடி வளர்ச்சி குன்றும். பூச்சிமருந்து படிந்த மல்பெரி இலையைத் தின்றால் பட்டுப்புழு மடியும். தேனீ, மீன்குட்டை, குடிநீர்க் கிணறு எல்லாவற்றுக்கும் இதே ஆபத்து.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. கேரளத்தின் காசர்கோடு பகுதியில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோப்புகளில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். தோப்புகளுக்கு நடுவே வீடுகளும் கிணறுகளும் இருந்தன. அங்கே நோயுற்றுப் பிறந்த குழந்தைகளின் துயரம் நாடறிந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கே தடை விதித்தது. ஹெலிகாப்டர் உயரத்தில் பறப்பது, டிரோன் பயிருக்கு மேல் இரண்டு மூன்று மீட்டரில் பறப்பது. அந்த வகையில் இது மேல்தான். ஆனாலும் வானிலிருந்து விழுவது விஷம் என்பது மாறவில்லை.

ஆகவே மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் டிரோன் தெளிப்புக்கென்று தனி நடைமுறை வகுத்தது. 2022 ஏப்ரலில் 477 மருந்துகளை டிரோனில் தெளிக்க இரண்டாண்டு இடைக்கால அனுமதியும் தரப்பட்டது. எந்த மருந்தையும் ஊற்றிவிடலாம் என்று பொருளில்லை. இன்றைக்கு உங்கள் மருந்துக்கு அனுமதி உண்டா என்று வேளாண்மை அலுவலரிடம் கேட்டு, லேபிளையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

தெளிப்பதற்கு முதல் நாளே அண்டை நிலத்தாருக்கும் ஊராட்சிக்கும் தகவல் சொல்லுங்கள். ஆடுமாடுகளையும் பிள்ளைகளையும் அப்புறப்படுத்துங்கள். இலை அசையும் காற்று இருந்தால் நிறுத்திவிட்டு, காற்றடங்கிய காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். தேனீக்கள் பூவில் மேயும் நேரம் உதவாது. மருந்து கலக்குபவர் கையுறையும் முகமூடியும் போட வேண்டும். கரைசல் இருபது மடங்கு காரம் என்பதால் கைத்தெளிப்பானைவிட இதில் கவனம் கூடுதலாக வேண்டும். தொட்டியை வாய்க்காலில் கழுவ விடாதீர்கள்.

எல்லா நிலத்துக்கும் டிரோன் ஏற்றதல்ல. முப்பது சென்ட் துண்டு, நாற்புறமும் தென்னை, குறுக்கே மின்கம்பி என்றால் பழைய தெளிப்பானே மேல். சேர்ந்தாற்போல் நான்கைந்து பேர் ஒரே பயிர் வைத்திருந்தால் ஒரே நாளில் அடித்துக்கொள்ளலாம். வரப்புச் சண்டையும் குறையும்.

சொந்தமாக வாங்கலாமா? உபகரணங்களுடன் பத்து லட்சம் ரூபாய் அளவுக்கு ஆகும். இரண்டு ஏக்கர்காரர் தன் நிலத்துக்கு மட்டும் வாங்குவது கட்டாது என்பதே என் கருத்து. 2023 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த திட்டத்தில் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். உங்கள் ஊரில் குழு இருந்தால், படித்த பெண் ஒருவர் சான்று பெற்று வாடகைக்கு ஓட்டலாம். மானிய விவரம் ஆண்டுதோறும் மாறும். பணம் கட்டுமுன் உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் நேரில் விசாரித்துக்கொள்ளவும்.