யார் செய்தார் என்று எழுதுங்கள்

திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் 1981ஆம் ஆண்டு ஒரு தமிழிக் கல்வெட்டு கிடைத்தது. ஒரே வரி, ஆறே சொல்: ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பளி. சத்தியபுத்திரனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்று பொருள். கொடுத்தவன் முதலில் நிற்கிறான், கொடுத்த செயல் அவனை ஒட்டி வருகிறது, கொடுத்த பொருள் கடைசியில். ‘அஞ்சியால் ஈயப்பட்ட’ என்று அந்தக் கல்லில் யாரும் வெட்டவில்லை.

அந்த அதியமானின் பெயரைத் தாங்கிய அதியமான்கோட்டையில் இருந்துகொண்டு இன்று நாம் எழுதும் மனு, துண்டறிக்கை, கோயில் வரலாறு, பள்ளிக் கட்டுரை எல்லாவற்றிலும் ‘பட்டது’ பெருகிக் கிடக்கிறது. ஆங்கிலத்திலும் இதே தொல்லைதான். இரண்டிலும் இது செயப்பாட்டு வினை. இரண்டு மொழியிலும் எழுத வேண்டியவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

செய்ய வேண்டியவை

எழுதி முடித்ததும் ஒவ்வொரு ‘பட்டது’க்கும் ‘யார்?’ என்று கேளுங்கள். விடை தெரிந்தால் அந்தப் பெயரை எழுவாயாக வையுங்கள். ‘சாலை தோண்டப்பட்டு மூடப்படாமல் விடப்பட்டுள்ளது’ என்று மனுவில் எழுதினால், படிக்கும் அலுவலருக்கு யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று தெரியாது. ‘குழாய் பதிக்க வந்த ஒப்பந்ததாரர் சாலையைத் தோண்டினார், மூடாமல் போய்விட்டார்’ என்றால் தெரியும். தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளன்று நீட்டும் மனுவை ஒருவர் அரை நிமிடம்தான் பார்ப்பார். அந்த அரை நிமிடத்துக்குள் செய்தவர் யார், எந்த இடம், எந்தத் தேதி என்பது அவர் கண்ணில் பட வேண்டும்.

பெயர் தெரியாவிட்டால் தமிழ் வினையின் விகுதியை நம்புங்கள். ஆங்கில வாக்கியம் எழுவாய் இல்லாமல் நிற்காது. செய்தவர் தெரியாதபோது ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் செயப்பாட்டு வினைக்குப் போக இது ஒரு பெரிய காரணம். நமக்கு அந்த நெருக்கடி இல்லை. ‘தண்ணீர் திறந்துவிட்டார்கள்’, ‘ரேஷனில் பருப்பு போடுகிறார்கள்’ என்றால் ‘ஆர்கள்’ என்பதே செய்தவர்களைச் சுமந்துகொள்கிறது. அதுவும் வேண்டாமென்றால் ‘வீடு கட்டியாச்சு’, ‘கதவு திறந்தது’ என்று பொருளையே எழுவாயாக்கிச் சொல்லலாம். செயப்படுபொருளைச் செய்தது போலச் சொல்லும் இந்த வழக்கைத் தொல்காப்பியம் வினையியலில் மரபு என்றே ஏற்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ‘திண்ணை மெழுகிற்று’. திண்ணை தானாக மெழுகிக்கொள்ளாது என்பது கேட்பவருக்குத் தெரியும். இரண்டாயிரம் ஆண்டாக நம் பேச்சில் ஓடும் இந்த வழியை விட்டுவிட்டு ‘திண்ணை மெழுகப்பட்டது’ என்று எழுதுவது வீண் இழப்பு.

பழைய நூலும் கல்வெட்டும் படித்தவர்கள் ‘அப்படியானால் படு என்பதே தமிழில் இல்லையா?’ என்று கேட்பார்கள். உண்டு. தருமபுரி வட்டார நடுகற்களில் ‘பட்டான்’ என்றே பல வீரர்களைக் குறித்திருக்கிறார்கள். ஆனால் அங்கே அது முழு வினை, போரில் மாண்டான் என்று பொருள். ஆநிரை மீட்கப் போனவன், அவன் ஊர், அவன் தலைவன் எல்லாம் அதே கல்லில் இருக்கும். மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் வெட்டுவித்த வடமொழிக் கல்வெட்டோ மெய்யாகவே செயப்பாட்டில் அமைந்தது. அந்த மொழிக்கு அது இயல்பு. அங்கும் மன்னன் தன் விருதுப்பெயரை விடாமல் பொறித்துவிட்டான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கும்போது செய்தவரைக் கேட்கும்படியே கேள்வியை அமையுங்கள். ‘என் மனு மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?’ என்று கேட்டால் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்றே பதில் வரலாம். ‘என் மனு எந்த அலுவலரிடம், எந்தத் தேதியில் போனது? அவர் அதில் எழுதிய குறிப்பின் நகலைத் தாருங்கள்’ என்று கேளுங்கள். 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் பொதுத் தகவல் அலுவலருக்கு 30 நாள் கெடு வைக்கிறது. அந்த 30 நாளை மழுப்பலான பதிலுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

செய்யக்கூடாதவை

‘கூறப்படுகிறது’, ‘நம்பப்படுகிறது’ என்று எழுதாதீர்கள். நம் ஊர்க் கோயில் வரலாறு எழுதுகிறவர்களிடம் இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். ‘காலபைரவர் கோயில் அதியமானால் கட்டப்பட்டதாகக் கூறப்படுகிறது’ என்ற வாக்கியத்தில் இரண்டு பேர் மறைகிறார்கள்: கட்டியவர் பின்னுக்குப் போகிறார், கூறியவர் காணாமலே போகிறார். கூறியது கல்வெட்டா, ஊர்ப் பெரியவர்களா, பூசாரியா? மூன்றுக்கும் எடை வேறு. ‘அதியமான் கட்டியது என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்’ என்று எழுதுங்கள். அது செவிவழிச் செய்தி என்பது நேர்மையாகத் தெரியும். தேய்பிறை அஷ்டமிக்குப் பூசணி விளக்கேற்ற வரும் வெளியூர்க்காரர் எதை எவ்வளவு நம்புவது என்பதை அவரே முடிவு செய்துகொள்வார். சென்றாயப் பெருமாள் கோயில் விதான ஓவியங்களைப் பற்றி எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். காலத்தைக் கணித்தவர் ஆய்வாளர் என்றால் அவரைச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்தது மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் பார்த்ததை எழுதுங்கள்.

பட்டதன் மேல் பட்டதை அடுக்காதீர்கள். ‘கட்டப்பட உத்தேசிக்கப்பட்டுள்ளது’, ‘வழங்கப்படத் திட்டமிடப்பட்டுள்ளது’ என்பவை நம் அலுவலகத் தமிழுக்கு ஆங்கிலக் கோப்பிலிருந்து வந்த சொத்து. ஆங்கிலத்திலேயே இதை ஃபௌலர் 1926இல் வெளியிட்ட வழக்கு அகராதியில் இரட்டைச் செயப்பாடு என்று தனித் தலைப்பிட்டுக் கண்டித்தார். அவர் கண்டித்த ‘சாட் டு பி’ (sought to be) இந்திய நீதிமன்றத் தீர்ப்புகளில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. ‘ஊராட்சி கட்டப் போகிறது’ என்று எழுதினால் போதும்.

போ, வா, நட, நிகழ் போன்ற வினைகளோடு ‘படு’ சேர்க்காதீர்கள். ‘பேருந்து நிறுத்தப்படாமல் செல்லப்படுகிறது’ என்று மனுக்களில் எழுதுகிறார்கள். செல்வதற்குச் செயப்படுபொருள் கிடையாது. ‘பேருந்தை நிறுத்தாமல் ஓட்டிச் செல்கிறார்கள்’ என்பதே சரி. ஆங்கிலத்தில் இதே தவறு ‘ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்’, ‘ஹீ வாஸ் டைட்’ என்று வரும். ஹேப்பன், அக்கர், டை, அரைவ், டிஸ்அப்பியர் இவற்றின் இறந்தகாலத்துக்கு முன்னால் ‘வாஸ்’ வராது. தேர்வெழுதும் பிள்ளைகள் இந்த ஐந்தையும் மனப்பாடம் செய்துகொண்டால் நல்லது.

பொறுப்பைத் தட்டிக்கழிக்கச் செயப்பாட்டில் ஒளியாதீர்கள். 1987இல் அமெரிக்க அதிபர் ரீகன் தன் ஆண்டுரையில், ஈரான் விவகாரம் பற்றி ‘மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ என்று சொன்னார். செய்தது யார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. மகளிர் குழுக் கணக்கில் ‘தொகை தவறாகப் பதியப்பட்டுவிட்டது’ என்று எழுதினால் பத்துப் பேர் மீதும் சந்தேகம் விழும். பதிந்தவர் ‘நான் தவறாகப் பதிந்தேன், திருத்திவிட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் கூட்டம் அடுத்த வேலைக்குப் போகும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் செயப்பாட்டை விரட்டாதீர்கள். காவல் நிலையப் புகாரில் செய்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியாதபோது, எழுவாய் வேண்டுமே என்பதற்காகச் சந்தேகப்படும் ஒருவர் பெயரை எழுதிவிடக் கூடாது. ‘வண்டி திருடு போனது’, ‘என் தம்பி தாக்கப்பட்டான், தாக்கியவர்களை நான் பார்க்கவில்லை’ என்று எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் அதைத் தனி வாக்கியமாக, ‘இன்ன காரணத்தால் நான் சந்தேகப்படுகிறேன்’ என்று உங்கள் பொறுப்பிலேயே எழுதுங்கள்.