மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளில் சான்று காட்டும் முறை

மருத்துவ ஆய்வின் பயன் ஆய்வுக்கூடத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஆய்வு முடிவுகள் இதழ்களில் வெளியாகி, பாடநூல்களிலும் அரசின் சுகாதாரத் திட்டங்களிலும் இடம்பெற்று, இறுதியில் நோயாளியின் படுக்கையருகே வந்து சேருகின்றன. இந்நெடும் பயணத்தில் ஒவ்வொரு கூற்றும் எங்கிருந்து பெறப்பட்டது என்பதைக் காட்டும் வழிகாட்டியே சான்றுக் குறிப்பாகும். இதனை அச்சுக்கோப்பாளர் கவனிக்க வேண்டிய சிறு செய்தியெனக் கருதுவது பெரும் தவறாகும்.

தவறான சான்றின் விளைவு

1980ஆம் ஆண்டில் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்' ஐந்து வாக்கியங்களே கொண்ட ஒரு கடிதத்தை வெளியிட்டது. மருத்துவமனையில் தங்கியிருந்தபோது அபின் வகை வலிநீக்கி மருந்து பெற்ற 11,882 நோயாளிகளுள் நால்வருக்கே அம்மருந்துப் பழக்கம் ஏற்பட்டதாகப் பதிவாகியிருந்தது என்பதே அக்கடிதத்தின் சாரம். ஆனால் பிற்காலக் கட்டுரைகள் பல, வீட்டில் நீண்டகாலம் இம்மருந்துகளை உட்கொள்வோருக்கும் அடிமைப்பழக்கம் அரிது என்பதற்கு அதனையே சான்றாகக் காட்டின. 2017ஆம் ஆண்டில் அதே இதழில் வெளியான ஓர் ஆய்வு, அக்கடிதம் 608 முறை எடுத்தாளப்பட்டிருந்ததைக் கண்டறிந்தது. எடுத்தாண்டோருள் ஏறத்தாழ 81 சதவீதத்தினர், அந்நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்ற உண்மையைக் குறிப்பிடவேயில்லை. வட அமெரிக்காவில் பெருங்கேடு விளைவித்த போதைமருந்து நெருக்கடிக்கு இத்தகைய ஆராயாத எடுத்தாள்கையும் துணைபோயிற்று என அவ்வாய்வாளர் கருதினர்.

பொது முறையின் தோற்றம்

முன்னர் ஒவ்வோர் இதழும் தனக்கெனத் தனி வடிவத்தை வற்புறுத்தி வந்தது. ஓர் இதழ் ஏற்காத கட்டுரையை மற்றோர் இதழுக்கு அனுப்ப, சான்றுப் பட்டியல் முழுவதையும் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. இவ்விடரைக் களைய 1978ஆம் ஆண்டில் மருத்துவ இதழாசிரியர் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடினர். அவர்கள் வகுத்த பொது விதிகள் 1979இல் வெளியாயின. சான்றுக் குறிப்பின் வடிவத்தை அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் வகுத்தளித்தது. அக்குழுவே பின்னர் மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவாக வளர்ந்தது. 'வான்கூவர் முறை' என்னும் பெயர் இவ்வாறு வந்ததே. 1913இல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழும் இவ்வகை எண் முறையையே கையாள்கிறது.

முறையின் கூறுகள்

இம்முறையில் சான்றுகள் கட்டுரையில் முதன்முதல் எடுத்தாளப்படும் வரிசைப்படி எண் பெறும், அகரவரிசை பின்பற்றப்படுவதில்லை. ஒரு சான்று மீண்டும் வரும்போது முதலில் பெற்ற எண்ணையே அது தாங்கி நிற்கும். அட்டவணையில் மட்டும் காட்டப்படும் சான்று, அவ்வட்டவணை கட்டுரையில் முதலில் சுட்டப்படும் இடத்திற்கேற்ப எண் பெறும்.

எடுத்துக்காட்டாக, 1971இல் மேற்கு வங்காளத்தின் பன்கான் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிசும் அவருடைய குழுவினரும் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொண்டு காலரா நோயாளிகளைக் காத்த வரலாற்றுச் சிறப்புமிக்க பணியைக் கூறலாம். அதனைப் பற்றிய கட்டுரை சான்றுப் பட்டியலில் பின்வருமாறு அமையும்:

மகலநாபிஸ் டி, சௌத்ரி ஏபி, பாக்சி என்ஜி, பட்டாசார்யா ஏகே, சிம்ப்சன் டிடபிள்யூ. வங்கதேச அகதிகளிடையே காலராவுக்கு வாய்வழித் திரவ சிகிச்சை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மெட் ஜே. 1973;132:197-205.

ஆசிரியரின் குடும்பப் பெயர் முதலிலும், முதலெழுத்துகள் புள்ளியின்றிப் பின்னும் வருகின்றன. பின்னர் கட்டுரைத் தலைப்பு, இதழின் சுருக்கப் பெயர், ஆண்டு, தொகுதி எண், பக்கங்கள் ஆகியன முறையே இடம்பெறுகின்றன. இதழ்ப் பெயரை விரும்பியவாறு சுருக்குதல் கூடாது. தேசிய மருத்துவ நூலகம் ஏற்ற சுருக்கமே தக்கது. ஆசிரியர் அறுவருக்கு மேற்படின் முதல் ஆறு பெயர்களுடன் 'மற்றும் பிறர்' என முடிப்பது பல இதழ்களின் வழக்கம். எனினும் அனுப்பவிருக்கும் இதழின் விதிகளே இறுதியானவை.

எழுதுவோர் கடைப்பிடிக்க வேண்டியவை

முதலாவதாக, மூலக் கட்டுரையைப் படித்த பின்னரே அதனைச் சான்றாகக் காட்டுதல் வேண்டும். பிறர் பட்டியலிலிருந்து பெயர்த்தெழுதினால் அவர் செய்த பிழையும் உடன் வந்து சேரும். இரண்டாவதாக, எடுத்தாளும் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று பார்த்தல் வேண்டும். தட்டம்மை முதலியவற்றுக்கான தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 1998இல் 'லான்செட்' இதழில் வந்த கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. மூன்றாவதாக, அச்சில் வராத தனிப்பட்ட கடிதம், உரையாடல் போன்றவற்றைப் பட்டியலில் சேர்க்காமல் இருத்தல் நன்று.

இன்று கணினி மென்பொருள்கள் சான்றுகளை நொடிப்பொழுதில் வரிசைப்படுத்தித் தருகின்றன. ஆயின் அவை வடிவத்தைச் சீர்செய்யுமேயன்றி, கூற்றுக்கும் சான்றுக்கும் உள்ள பொருத்தத்தை ஆராய்வதில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ, இல்லாத கட்டுரைகளையே உள்ளனபோல் அமைத்துத் தருவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு குறிப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கடமை எழுதுவோரையே சாரும்.

திட்டக் குறிப்புகளைத் தயாரிக்கும் அலுவலருக்கும் இது பொருந்தும். ஒரு புள்ளிவிவரத்தின் மூலத்தைத் தேடிப் பார்க்கச் செலவாகும் அரைமணி நேரம், பல்லாயிரவர் உடல்நலத்தைக் காக்கும் முதலீடு எனலாம்.