கருவேல விதையின் அமைப்பும் வளர்ச்சியும்

கருவேல மரத்தின் பயன்களைப்பற்றிக் குடியானவர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்திற்கும் உரிய வைரம் பாய்ந்த கட்டையும், தோல் பதனிட உதவும் பட்டையும், பிசினும், கோடையில் ஆடுகளுக்குத் தீனியாகும் நெற்றும் இம்மரத்தினின்று கிடைக்கின்றன. ஏரியின் உட்புறத்தில் சில மாதம் நீர் தேங்கி நிற்பதையும், பின்னர் நிலம் வறண்டு வெடிப்பதையும் இது பொறுக்க வல்லது. ஆயினும் இதை விதைத்து வளர்க்க முற்பட்டவர்களில் அநேகர் ஏமாற்றமடைகின்றனர். நெற்றுகளை உடைத்து விதையெடுத்து ஐப்பசி மழையில் ஊன்றினால், சிலவே முளைக்கின்றன. எஞ்சியவை மண்ணுக்குள் கூழாங்கற்களைப்போல் கிடக்கின்றன. விதை சொத்தை என்று கருதி நிலத்தை மறுபடி உழுதுவிடுவோரும் உண்டு. உண்மையில் அவ்வாறு கிடக்கும் விதைகளிற் பல உயிருள்ளவையே. அவை முளையாமைக்குக் காரணம், மரத்தில் அவை உருவாகிய விதத்திலேயே அடங்கியிருக்கிறது.

இங்குக் கூறப்படுவது நாட்டுக் கருவேல். சீமைக் கருவேல் அன்று. ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரியாகிய லின்னேயஸ் 1753-ம் ஆண்டில் இதற்கு மிமோஸா நிலோட்டிகா என்று பெயரிட்டார். பின்னர் நெடுங்காலம் அக்கேஷியா இனத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. 2005-ம் ஆண்டில் வியன்னா நகரத்தில் கூடிய தாவர சாஸ்திர மகாநாட்டின் முடிவை அனுசரித்து, இப்பொழுது வாச்செல்லியா நிலோட்டிகா என்று வழங்கப்படுகிறது. நாற்றங்கால் சீட்டுகளில் எப்பெயர் இருப்பினும் மரம் ஒன்றே.

கருவேலம்பூ என்று சொல்லப்படும் மஞ்சள் நிற உருண்டை ஒரே பூவன்று. பல சிறு பூக்கள் நெருங்கிய கொத்தாகும். அவற்றுள் மிகச் சிலவே காயாகும்; மற்றவை உதிர்ந்துவிடும். ஆகையால் மரத்தடியில் பூ உதிர்ந்து கிடப்பதைக் கண்டு நோயென்று அஞ்ச வேண்டுவதில்லை. வேலம் இனத்து மரங்களில் மகரந்தம் தனித்தனித் தூளாகப் பறப்பதில்லை. மணிகள் பல, பெரும்பாலும் 16, ஒன்றாய் ஒட்டிய சிறு பொட்டலமாகவே பூச்சியின் உடலில் ஏறிச் செல்கின்றன. சூலகத்திலுள்ள சூல்களின் எண்ணிக்கை இத்தொகையைப் பெரும்பாலும் மீறுவதில்லை. எனவே ஒரே பொட்டலம் சூல்முடியில் தங்கினால், ஒரு காயிலுள்ள சூல்கள் யாவும் கருவுறுவதற்குப் போதுமானதாகிறது. கருவுறாத சூல் இருக்குமிடத்தில் காய் பருக்காமல் ஒடுங்கிவிடும்.

கருவுற்றபின் முதலில் நீள்வது காயே. பச்சைக்காய் முழு நீளம் அடைந்த காலத்திலும் உள்ளிருக்கும் விதைகள் மெல்லியனவாயும் நீர் நிறைந்தனவாயும் இருக்கும். அப்பொழுது ஒன்றைப் பிளந்தால் பாகு போன்ற முளைசூழ் தசையே மிகுந்திருக்கக் காணலாம். கருவோ கண்ணுக்குப் புலப்படாத அளவினது. பின்பு கரு விரைந்து வளர்ந்து அத்தசையை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த உணவு முழுவதும் இரண்டு பருப்புகளில் சேமிக்கப்படுகிறது. பருப்புகளுக்கிடையில் முளைக்குருத்து ஒடுங்கியிருக்கும். முளைவேரின் நுனி, விதை காம்போடு ஒட்டியிருந்த தழும்பை நோக்கியிருக்கும். இந்தத் திசையை நினைவில் வைத்தல் அவசியம். விதையைக் கீறும்போது இது பயன்படும்.

பருப்பு நிரம்பியபின் விதை உலரத் தொடங்குகிறது. விதைத்தோலின் வெளிப்புறத்தில், நுண்ணிய உயிரணுக்கள் தட்டைக் கட்டுகளை நெருக்கி நிறுத்தி வைத்தாற்போல் ஓரடுக்காக நிற்கின்றன. விதை பசுமையாக இருக்கும்வரை இவ்வடுக்கின் வழியே நீர் செல்லும். ஈரம் குறையக் குறைய அவ்வுயிரணுக்கள் இறுகி, நீர் புகாத கவசமாகிவிடுகின்றன. இதனாலேயே பச்சை நீங்கி முற்றியும் இன்னும் கல்லாய்க் காயாத விதை எளிதில் முளைக்க, மரத்திலேயே கோடை வெயிலில் காய்ந்த விதை மாதக்கணக்கில் நீரில் ஊறாமல் கிடக்கிறது. முற்றிய விதை கரும்பழுப்பு நிறமாய், ஏறக்குறைய வட்டமாய், சற்றே தட்டையாய் இருக்கும். இருபுறத்திலும் குதிரை லாடம் போன்ற கோடொன்று காணப்படும். தழும்பின் அருகே ஒரு சிறு புடைப்பு உண்டு. வேலம் இனத்துப் பல மரங்களில் விதைத்தோலின் பலவீனமான இடம் இதுவே. வெந்நீர் பட்டால் முதலில் விரிவு காண்பதும் இங்கேதான்.

எல்லா விதைகளும் ஒரே மழையில் முளைக்குமாயின், அடுத்து வரும் வறட்சியில் எல்லாக் கன்றுகளும் ஒருங்கே மாளும். சில இவ்வாண்டும், சில அடுத்த ஆண்டும், சில அதற்கப்பாலும் முளைப்பது மரத்தின் குலத்திற்கு நலம். குடியானவருக்கோ அது நஷ்டம். அவர் உழுது, கூலி கொடுத்து, வேலியும் அடைத்தது ஒரு மழைக்காலத்தை நம்பியே. சீமைக் கருவேலை வேரோடு பறித்த ஏரிகளில் மறு ஆண்டே கன்றுகள் திரளாக எழுவதற்கும் இத்தகைய கல்விதையே காரணம். ஆகவே அவ்வேலையை ஏற்கும் பஞ்சாயத்தார், ஒரு தடவை பறித்ததோடு முடிந்ததென்று கணக்கை மூடலாகாது.

நெற்றுகள் பங்குனி முதல் வைகாசி வரையில், இடத்துக்குத் தக்கவாறு, பழுத்து உதிரும். தரையில் நெடுநாள் கிடந்தவற்றை விடுத்து, மரத்தில் சாம்பல் நிறமாக முற்றியவற்றை உலுக்கிச் சேர்ப்பது நன்று. காய் பசுமையாயிருக்கும்போதே ஒருவகைச் சிறு வண்டு அதில் முட்டையிடுகிறது. புழு விதைக்குள் புகுந்து பருப்பைத் தின்று, வண்டாகி, வட்டமான துளையிட்டு வெளிவருகிறது. சேர்த்த நெற்றுகளைக் குவித்து வைத்தால் வண்டு பெருகும். ஆதலால் தாமதமின்றி விதையைப் பிரித்தெடுத்து, நீரிலிட்டு, மிதப்பனவற்றை நீக்குதல் வேண்டும். நல்ல விதை ஒரு கிலோவில் ஏறக்குறைய 7000 முதல் 11000 வரை இருக்கும்.

விதைப்பதற்கு முன் செய்யவேண்டியது கவசத்தைத் திறப்பதே. நீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கியபின் விதையை அதிலிட்டு, நீர் தானாக ஆறும்படி விட்டு, ஒரு நாள் முழுதும் ஊறவிட வேண்டும். அடுப்பின்மீது வைத்தே விதையை வேகவிடலாகாது, கரு இறந்துபோம். மறுநாள் பார்த்தால் சில விதைகள் இரட்டிப் பருமனாக உப்பியிருக்கும். சில அப்படியே இருக்கும். உப்பியவற்றை உடனே விதைத்துவிட்டு, உப்பாதவற்றுக்கு மீண்டும் வெந்நீர் வைத்தியம் செய்யலாம். சிறிய அளவில் நாற்றுவிடுவோர், தழும்புக்கு எதிர்ப்புற முனையில் தோலை மட்டும் கத்தியால் கீறினாலும், சொரசொரப்பான கல்லில் தேய்த்தாலும் போதும். தழும்பின் பக்கம் கீறினால் முளைவேர் சேதமடையும். கந்தகத் திராவகத்தில் விதையை நனைத்துக் கழுவும் முறையும் உண்டு. அது சில நிமிஷக் கணக்குப் பிசகினாலும் விதையைக் கெடுப்பதோடு, கைக்கும் கண்ணுக்கும் அபாயமானது. கிராமத்தில் அதைக் கையாளுவது உசிதமன்று.

இவ்வேலையை ஆட்டுக்கிடைகள் பன்னெடுங்காலமாகவே செய்து வருகின்றன. ஆடுகள் நெற்றைத் தின்று அசைபோடும்போது, கடினமான விதைகளிற் சிலவற்றை உமிழ்ந்துவிடுகின்றன. சில புழுக்கையோடு வெளிவருகின்றன. வாயிலும் வயிற்றிலும் பட்ட ஈரமும் உராய்வும் தோலை இளக்குகின்றன. உள்ளேயிருக்கும் இளம் புழுவும் பெரும்பாலும் மடிகிறது. எனினும் பல்லில் அரைபடுவன உண்டாதலாலும், தோல் இளகாமல் வெளிவருவனவும் உள்ளமையாலும், கிடையில் பொறுக்கிய விதையையும் வெந்நீரில் இட்டு உப்புகிறதா என்று பார்த்தபின்பே விதைத்தல் வேண்டும்.

உலர்ந்த கருவேல விதையைப் பூச்சி அணுகாத கலத்தில் அடைத்து வைத்தால் பல ஆண்டு முளைப்புத் திறன் குன்றாது. இதே குலத்தைச் சேர்ந்த புங்கனுக்கு இவ்வழக்கம் பொருந்தாது. அதன் விதைத்தோல் மெல்லியது, பருப்பு எண்ணெய் மிக்கது. வெந்நீரும் வேண்டாம், நெடுநாள் சேமிப்பும் கூடாது, அடுத்து வரும் மழையிலேயே ஊன்றிவிட வேண்டும். கருவேல விதையும் வெந்நீர்பட்டு உப்பியபின் அவ்வாறே. மழை தவறிற்றென்று அதை மறுபடி காயவைத்துக் கட்டி வைத்தால் பயன்படாது. ஆகையால் நிலத்தில் ஈரம் உறுதியானதைக் கண்ட பிறகே, அன்றைக்கு விதைக்கக்கூடிய அளவு விதையை மட்டும் முந்திய நாளில் வெந்நீரில் இடுதல் வேண்டும்.