தவளையின் உடல்மொழி

நுழையும்முன்
வாய்பேசா உயிர்கள் தம் நிலையை உடலால் உணர்த்துகின்றன. அக்குறிப்பினைத் தவறாக உணர்வோர் நலத்தை நோயென்றும் நோயை நலமென்றும் மயங்குவர். வீடுகளில் வளர்க்கப்படும் பச்சை மரத்தவளையின் வாயிலாக இவ்வுண்மையை விளக்குகிறது இப்பாடம்.

பச்சை மரத்தவளையின் தாயகம் ஆஸ்திரேலியாவும் நியூகினியும் ஆகும். விரல்நுனிகளில் ஒட்டும் தட்டுகளை உடைய இத்தவளை, ஏறத்தாழ 10 செ.மீ. நீளம் வளரும். பல நாடுகளில் இதனைக் கண்ணாடிப் பேழைகளில் வளர்க்கின்றனர்.

வியப்பூட்டும் இயல்புகள்
இத்தவளை பகலில் அசைவின்றி உறங்கும், இரவில் இரைதேடும். வெப்பநிலைக்கும் சூழலுக்கும் ஏற்பப் பச்சை நிறம் பழுப்பாக மாறும். விழுங்கும்போது அதன் கண்கள் உள்ளே அழுந்தி, இரையைத் தொண்டைக்குள் தள்ளும். நீரை அது வாயால் பருகுவதில்லை. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்ளும். சிலவேளை உடலை முறுக்கி, வாயை அகலத் திறந்து, கால்களால் மேனியைத் தேய்க்கும். காண்போர் வலிப்பு என அஞ்சுவர். உண்மையில் அது தோலுரிக்கிறது. உரித்த தோலை உண்டும் விடுகிறது. இவையனைத்தும் அதன் இயல்பே.

நோயின் அறிகுறிகள்
எனினும், அதே தோலுரிப்பு அளவு கடந்தால் நோயின் அறிகுறியாகலாம். 1999இல் பெயரிடப்பட்ட கைட்ரிட் பூஞ்சை தவளையின் தோலைத் தாக்குகிறது. தவளைக்குத் தோல் வெறும் போர்வை அன்று. நீரையும் உப்புகளையும் சீராக்கும் உறுப்பு. அது பழுதுற்றால் குருதியில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து, இதயம் நின்றுவிடும். இத்தவளையிடமே நிகழ்த்திய ஆய்வொன்று 2009இல் இதனை வெளிப்படுத்தியது. நோயுற்ற தவளை உணவை மறுக்கும். பகலிலும் வெளியில் சோர்ந்திருக்கும். மல்லாக்கப் புரட்டினால் நிமிர இயலாது தவிக்கும்.

வளர்ப்போர் கடமை
ஒரு செயலை மட்டும் கண்டு முடிவுகொள்ளலாகாது. அது நிகழ்ந்த நேரம், மீண்டும் நிகழும் கால இடைவெளி, உணவு, வெப்பநிலை ஆகியவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும். மாற்றம் நீடித்தால் அக்குறிப்புடன் கால்நடை மருத்துவரை அணுகவேண்டும். பேழையின் நீரைத் தூய்மைப்படுத்தாமல் நீர்நிலைகளில் கொட்டுதல் கூடாது. பூஞ்சை காட்டுத் தவளைகளுக்கும் பரவக்கூடும். உயிரை வளர்ப்பதற்கு அன்பு மட்டும் போதாது. அதனை அறிந்துகொள்ளும் பொறுமையும் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்
1790இல் ஜான் வைட் என்னும் மருத்துவர் தம் நூலில் இத்தவளையை விவரித்தார். பதப்படுத்திய உடலில் மஞ்சள் நிறமி சிதைந்து நீலமாகத் தோன்றியதால், பச்சைத் தவளைக்கு 'நீலம்' எனப் பொருள்படும் இலத்தீன் பெயர் நிலைத்துவிட்டது.

கற்பவை கற்றபின்
உம் வீட்டருகே வாழும் ஓர் உயிரினத்தை ஒரு வாரம் உற்றுநோக்கி, அதன் செயல்களை நாள், நேரத்துடன் பட்டியலிடுக.